எல்எஸ்டி ஸ்டாம்ப் என்று விற்கப்படும் 25ஐ-என்பிஓஎம்இ: உடம்புக்குள் என்ன செய்கிறது, சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. மாயத்தோற்றம் தரும் எல்எஸ்டியை நனைத்த சின்னத் தாள் கட்டங்களாக (‘ஸ்டாம்ப்’) விற்பார்கள்; அதே மாதிரித் தாளில் விற்கப்படும் செயற்கைப் போதைப்பொருளான 25ஐ-என்பிஓஎம்இ என்பது எல்எஸ்டிக்கு இன்னொரு பெயரா? ‘ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் உட்கொள்ள அல்ல’ என்று ஒட்டி விற்றால் அதை வாங்குவது சட்டப்படி சரியா? இரண்டுக்குமே பதில் ‘இல்லை’ என்பதுதான். ஆனால் உங்கள் கேள்வியின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருந்த வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது: எல்எஸ்டியின் நச்சால் மட்டுமே இறந்தவர்கள் மிக அரிது என்கிறார்களே, அதே மாதிரி இருக்கும் இந்தத் தாளால் மட்டும் ஏன் சின்னப் பிள்ளைகள் இறக்கிறார்கள்? மருந்தியல், சட்டம் இரண்டும் இந்த ஒரு வரியில்தான் வந்து சேர்கின்றன. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் பெயரைப் பிரித்துப் பார்த்துவிடலாம், பாதி விஷயம் அதிலேயே இருக்கிறது. ‘25’ என்பது பென்சீன் வளையத்தின் 2, 5 ஆகிய இடங்களில் உள்ள இரண்டு மெத்தாக்சி தொகுதிகள். ‘ஐ’ என்பது 4-வது இடத்தில் உட்கார்ந்திருக்கும் அயோடின். இதுவரைக்கும் உள்ள மூலக்கூறுக்கு 2சி-ஐ என்று பெயர். அமெரிக்க வேதியியலாளர் அலெக்சாண்டர் ஷுல்கின் உருவாக்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் நைட்ரஜனில் மெத்தாக்சி-பென்சைல் என்ற இன்னொரு வளையத்தைக் கோத்தால் வருவதுதான் ‘என்பிஓஎம்இ’. ஆங்கிலம் பேசும் நாடுகளில் தெருப்பேச்சில் இதை ‘என்-பாம்’ என்பார்கள். எல்எஸ்டியோ எர்காட் பூஞ்சையின் வேதிப்பொருளிலிருந்து வந்த, இண்டோல் வளையம் கொண்ட, முற்றிலும் வேறு எலும்புக்கூடு. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது மூளையில் இவை பற்றிக்கொள்ளும் ஓர் ஏற்பியும் (செல்லின் மேல் பூட்டுப் போல இருக்கும் புரதம்), விற்கப்படும் தாளின் வடிவமும்தான்.

அந்த ஏற்பியின் பெயர் 5-எச்டி2ஏ. மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரோட்டோனின் வந்து அமரும் பல ஏற்பிகளில் ஒன்று. மாயத்தோற்றம் தரும் எல்எஸ்டி, சைலோசைபின், மெஸ்கலின் எல்லாம் முக்கியமாக இதன் வழியாகத்தான் வேலை செய்கின்றன. இந்த வகைப் பொருள்களின் நைட்ரஜனில் எதையாவது கூடுதலாகச் சேர்த்தால் வீரியம் குறையும் என்பதுதான் வேதியியலாளர்கள் நீண்ட காலம் கண்ட அனுபவம். 2003-ல் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஹைம் தன் முனைவர் பட்ட ஆய்வில் பென்சைல் தொகுதியைச் சேர்த்தபோது நடந்தது நேரெதிர். வீரியம் பல மடங்கு ஏறியது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் டேவிட் நிக்கல்ஸின் குழு இதை எடுத்து ஆராய்ந்து 2006-ல் வெளியிட்ட கட்டுரையில், மனித 5-எச்டி2ஏ ஏற்பியோடு 25ஐ-என்பிஓஎம்இ பிணையும் மாறிலி 0.044 நானோமோலார் என்று அளந்தார்கள். இந்த எண் எவ்வளவு சிறியதோ, பிடி அவ்வளவு இறுக்கம். அதன் தாய்ப்பொருளான 2சி-ஐயைவிட இது பத்து மடங்குக்கும் மேல். ஏற்பியில் 339-வது இடத்தில் இருக்கும் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை மாற்றிவிட்டால் இந்தப் பிடி பெருமளவு தளர்ந்துபோவதையும் அவர்கள் காட்டினார்கள். கூடுதலாகக் கோத்த அந்த வளையம் போய்ச் சாய்ந்துகொள்ளும் இடம் அதுதான். பிறகு 2020-ல், மூலக்கூறுகளை உறையவைத்துப் படமெடுக்கும் கிரயோ எலக்ட்ரான் நுண்ணோக்கியால் இந்த ஏற்பி செயல்படும் நிலையில் படம் பிடிக்கப்பட்டபோது, உள்ளே வைக்கப்பட்டிருந்ததும் இதே குடும்பத்தின் நெருங்கிய உறவான 25சிஎன்-என்பிஓஎச் தான்.

ஆகவே ‘ஆராய்ச்சி வேதிப்பொருள்’ என்ற பெயர் பொய்யில் பிறந்ததல்ல. இந்தக் குடும்பத்துக்கு ஆய்வகத்தில் உண்மையான, மதிப்புள்ள வேலை இருக்கிறது. கோபன்ஹேகனில் மூளைப் படப்பிடிப்பு ஆய்வு செய்பவர்கள் 25ஐ-என்பிஓஎம்இ-யில் கதிரியக்கக் கார்பன்-11 சேர்த்துப் பன்றிகளின் மூளையில் பெட் ஸ்கேன் (கதிரியக்கப் பொருள் எங்கே சேர்கிறது என்று காட்டும் படம்) செய்தார்கள். அடுத்து, அயோடினுக்குப் பதில் புரோமின் உள்ள 25பி-என்பிஓஎம்இ-யை அதே வகையில் குறியிட்டு, சிம்பி-36 என்ற பெயரில் மனிதர்களிடமும் பயன்படுத்தினார்கள். சைலோசைபின் கொடுக்கப்பட்ட ஒருவரின் மூளையில் எத்தனை விழுக்காடு ஏற்பிகள் நிரம்பியிருக்கின்றன என்பதை அளந்தது இந்தக் கருவியை வைத்துத்தான். கார்பன்-11 சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துபோகும் என்பதால் அதை உருவாக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். உடலில் செலுத்தப்படும் அளவு, எந்த விளைவும் தெரியாத அளவுக்கு மிகச் சிறியது. இந்த இடத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மனிதர்களில் இது ‘பாதுகாப்பாகச் சோதிக்கப்பட்டது’ என்று விற்பவர்கள் சொல்வது இந்த ஆய்வுகளைக் காட்டித்தான். அந்தப் பாதுகாப்பு, போதை தரும் அளவைப் பற்றி எதையுமே சொல்லவில்லை.

இப்போது அந்த அளவுக்கு வருவோம். 25ஐ-என்பிஓஎம்இ சில நூறு மைக்ரோகிராமிலேயே வேலை செய்கிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எண்ணாகச் சொன்னால் மனதில் பதியாது, அதனால் சமையலறைக்குப் போங்கள். தூள் உப்பில் ஒரே ஒரு மணியை விரல் நுனியில் ஒட்டி எடுங்கள். அதன் எடை ஏறக்குறைய 60 மைக்ரோகிராம். பத்து மணி எடுத்தால் 600. ஒருவரைத் தாங்கக்கூடிய போதையிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகும் வித்தியாசம் இந்தச் சில மணிகளுக்குள் அடங்கிவிடும். ஒரு கிராம் தூளில் இப்படி ஆயிரக்கணக்கான பேருக்கான அளவு இருக்கும். மில்லிகிராம் வரை காட்டும் விலையுயர்ந்த தராசிலும் கடைசி இலக்கத்தில் ஏற்படும் பிழையே ஒரு முழு அளவைவிடப் பெரிதாகிவிடும். கரைத்துத் தாளில் தெளித்தால் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. தாள் உலரும்போது கரைசல் ஓரங்களுக்கு நகரும். ஒரே தாளின் நடுக் கட்டத்திலும் ஓரக் கட்டத்திலும் ஒரே அளவு இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. தூளாகவே மூக்கில் இழுத்தவர்கள், திரவத்தைச் சொட்டுச் சொட்டாக மூக்கில் விட்டவர்கள் ஆகியோரிடம் ஆபத்து கூடுதலாகப் பதிவாகியிருப்பதற்குக் காரணம் இதுதான். அந்த வழியில் உறிஞ்சலும் வேகம், அளவும் வெறும் குருட்டு ஊகம்.

விழுங்கினால் இது பெரும்பாலும் வேலை செய்யாது. குடலிலிருந்து கல்லீரல் வழியாகப் போகும்போதே அதன் நொதிகள் பெரும்பகுதியைச் சிதைத்துவிடுகின்றன. அதனால்தான் தாளை வாயிலேயே, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவிலோ நாக்கின் அடியிலோ வைத்திருக்கச் சொல்லி விற்கிறார்கள். எல்எஸ்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை, விழுங்கினாலும் அது வேலை செய்யும். இதிலிருந்து ஒரு பழைய எச்சரிக்கை பிறந்தது: தாள் கசந்தால், நாக்கு மரத்துப்போனால், துப்பிவிடு. எல்எஸ்டியின் அளவு சுவை தெரியாத அளவுக்குச் சிறியது. என்பிஓஎம்இ தாள்கள் பலவும் உலோகம் கலந்த மாதிரிக் கசக்கும். இந்த எச்சரிக்கையில் பொருள் இருக்கிறது. ஆனால் கசப்பு தெரிவதற்குள் ஒரு பகுதி உள்ளே போயிருக்கும். கசப்பை மறைக்கச் சுவை சேர்த்த தாள்களும் விற்கப்பட்டிருக்கின்றன. கசக்கவில்லை என்பதால் அது எல்எஸ்டி என்று முடிவுகட்டக் கூடாது.

சரி, மரணம் ஏன்? இதில் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். உறுதியானது, மருத்துவமனைகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் படம்: கடுமையான கிளர்ச்சி, அடக்க முடியாத உடல் அசைவு, விரிந்த கண்பாவை, வேகமான இதயத் துடிப்பு, உயர்ந்த ரத்த அழுத்தம், ஏறிக்கொண்டே போகும் உடல் வெப்பம், வலிப்பு. அதன் பின்னால் தசைகள் சிதைந்து அவற்றின் உட்பொருள் ரத்தத்தில் கலக்கிறது, பொட்டாசியம் ஏறுகிறது, ரத்தம் அமிலமாகிறது, சிறுநீரகம் பழுதாகிறது. 5-எச்டி2ஏ ஏற்பி மூளையில் மட்டும் இல்லை, ரத்தநாளச் சுவரின் மென்தசையிலும் ரத்தத் தட்டணுக்களிலும் இருக்கிறது. அங்கே அதைத் தூண்டினால் நாளம் சுருங்கும் என்பதும் உறுதி. எல்எஸ்டி இந்த ஏற்பியின் பகுதித் தூண்டி. அளவைக் கூட்டினாலும் ஓர் எல்லைக்கு மேல் அதனால் ஏற்பியை முடுக்க முடியாது. என்பிஓஎம்இ அந்த எல்லையைத் தாண்டிப் போகிறது, அதனால்தான் கொல்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். கேட்க அழகான விளக்கம். ஆனால் ஆய்வகச் சோதனையின் வகையைப் பொறுத்து இந்த ஒப்பீடு மாறுகிறது, அதனால் அதை நான் சாத்தியமான ஒரு காரணமாக மட்டுமே வைப்பேன். அட்ரினலின் வகை ஏற்பிகளையும் இது ஓரளவு தொடுகிறது. மிகை அளவில் அதற்கும் பங்கு இருக்கலாம். இத்தனை அளவில் இறப்பார் என்று கோடு கிழிக்க யாராலும் முடியாது. போதை தரும் அளவில் மனிதர்களுக்குக் கொடுத்துக் கட்டுப்பாட்டுடன் அளந்த ஆய்வு கையில் இல்லாமல், விபத்துகளிலிருந்து பின்னோக்கிப் படித்த அறிவு இது. ஒரே தாளைப் பகிர்ந்தவர்களில் ஒருவர் வீட்டுக்கு நடந்துபோவதும் இன்னொருவர் வலிப்பில் விழுவதும் நடக்கக்கூடியதுதான். முந்தைய முறை ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து அடுத்த முறையைக் கணிக்க முடியாது.

சட்டத்தின் கதை, வேதியியலை ஓர் அடி பின்னால் இருந்து துரத்திய கதை. அமெரிக்காவில் 2012 ஜூலையில் வந்த சட்டம் 2சி-ஐ உள்ளிட்ட பல 2சி பொருள்களை, மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலான முதல் அட்டவணையில் சேர்த்தது. ஏற்கெனவே 2010 வாக்கில் இணையத்தில் தலைகாட்டியிருந்த என்பிஓஎம்இ அந்தப் பட்டியலில் இல்லை. பிரிட்டனில் இன்னும் நுணுக்கமான ஓட்டை. 1977-லிருந்தே அங்கே, 2சி-ஐ போன்றவை அடங்கும் ஃபெனெத்திலமைன் குடும்பம் முழுவதையும் ஒரே வரையறையில் அடக்கும் பிரிவு உண்டு. ஆனால் அந்த வரையறை நைட்ரஜனில் ஆல்கைல் தொகுதி (வளையம் இல்லாத எளிய கார்பன் சங்கிலி) சேர்வதைத்தான் சொன்னது. பென்சைல் சேர்ந்தால் மூலக்கூறு வரையறைக்கு வெளியே போய்விடும். வீரியத்தைக் கூட்டிய அதே வளையம், சட்டத்தின் கையிலிருந்தும் நழுவ வைத்தது. 2013 ஜூனில் பிரிட்டன் தற்காலிகத் தடை போட்டது. 2014 ஜூனில் வரையறையையே விரித்து, இந்தக் குடும்பத்தை மிகக் கடுமையான ஏ வகுப்பில் வைத்தது. அமெரிக்காவில் போதைப்பொருள் தடுப்பு முகமையான டிஇஏ, 2013 நவம்பர் 15 முதல் 25ஐ, 25சி, 25பி ஆகிய மூன்று என்பிஓஎம்இ-களையும் தற்காலிகமாக முதல் அட்டவணையில் சேர்த்தது. 2012 மார்ச் முதல் 2013 ஆகஸ்ட் வரை 15 முதல் 29 வயதுக்குட்பட்ட 19 அமெரிக்கர்களாவது இறந்ததாக அப்போது அது கூறியது. 2016-ல் அந்தத் தடை நிரந்தரமானது. ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் 25ஐ-க்குக் கட்டுப்பாடு விதிக்க முடிவெடுத்தது. 2015 மார்ச்சில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் மூன்றையும் 1971-ஆம் ஆண்டு உளமாற்றுப் பொருள்கள் உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் சேர்த்தது. இந்தியாவும் இலங்கையும் அந்த உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள். அந்த அட்டவணையில் உள்ளதை, அரசு அனுமதி பெற்றவர்களின் அறிவியல் தேவைக்கும் மிகக் குறுகிய மருத்துவத் தேவைக்கும் தவிர வேறு எதற்கும் பயன்படுத்த உறுப்பு நாடு விடக் கூடாது.

அப்படியானால் ‘மனிதர் உட்கொள்ள அல்ல’ என்ற வாசகம் எதற்கு? அது அமெரிக்காவின் 1986-ஆம் ஆண்டு ஒப்புப்பொருள் சட்டத்தைக் குறிவைத்து எழுதப்பட்டது. பட்டியலில் பெயர் இல்லாத பொருளாக இருந்தாலும், தடை செய்யப்பட்ட ஒன்றோடு கட்டமைப்பிலும் விளைவிலும் பெருமளவு ஒத்திருந்து, மனிதர் உட்கொள்வதற்கென்று விற்கப்பட்டால், அதையும் தடை செய்யப்பட்டதாகவே நடத்தலாம் என்கிறது அந்தச் சட்டம். கடைசி நிபந்தனையை முறிப்பதற்குத்தான் அந்த லேபிள். நீதிமன்றம் லேபிளை மட்டும் படிப்பதில்லை. எப்படி விற்றார்கள் என்பதைப் பார்க்கிறது. படம் அச்சிட்டு, வாயில் வைக்கும் அளவுக்குக் கட்டம் கட்டமாகத் துளையிட்ட தாள் எந்த ஆய்வகத்துக்கும் தேவைப்படாது. 2015-ல் மெக்ஃபேடன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னொன்றைத் தெளிவாக்கியது: விற்றவர் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள் என்று அறிந்திருந்தார், அல்லது அதை ஒப்புப்பொருளாக்கும் தன்மைகளை அறிந்திருந்தார் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். 25ஐ-யைப் பொறுத்தவரை இந்த வாதமெல்லாம் முடிந்துபோன கதை. இன்று அதன் பெயரே பட்டியலில் இருக்கிறது. லேபிளில் என்ன எழுதினாலும் வைத்திருப்பதே குற்றம். உண்மையான ஆய்வகங்களும் முதல் அட்டவணைப் பதிவு, பூட்டிய பெட்டகம், கிராம் கணக்குப் பதிவேடு இல்லாமல் இதைத் தொட முடியாது.

இதற்கு ஒரு விலையும் இருக்கிறது. பல பத்தாண்டுகளாக 5-எச்டி2ஏ ஆய்வில் அன்றாடக் கருவியாக இருந்துவரும் டிஓஐ என்ற உறவுப் பொருளை முதல் அட்டவணையில் சேர்க்க டிஇஏ 2022-ல் முன்மொழிந்து, திரும்பப் பெற்று, 2023 டிசம்பரில் மறுபடி முன்மொழிந்தது. தெருவில் பெரிதாகப் புழங்காத ஒன்றுக்கு இந்தப் பூட்டுப் போட்டால் மருந்தாய்வு முடங்கும் என்று விஞ்ஞானிகள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். 25ஐ-யின் தடையையும் நியாயமானது என்றே நினைக்கிறேன். இரண்டும் முரண் அல்ல. ஒன்றால் பிள்ளைகள் இறந்தார்கள். டேவிட் நிக்கல்ஸே 2011-ல் ‘நேச்சர்’ இதழில், தன் ஆய்வகத்திலிருந்து வெளியான வேறொரு மூலக்கூறைத் தெருவில் விற்று அதனால் உயிர்கள் போனதைப் பற்றி வேதனையோடு எழுதினார்.

கையில் இருக்கும் தாள் எதுவென்று தெரிந்துகொள்ள முடியுமா? எர்லிக் என்ற வினைப்பொருள் இண்டோல் வளையத்தைக் கண்டால் ஊதா நிறமாகும். எல்எஸ்டியில் இண்டோல் உண்டு, என்பிஓஎம்இ-யில் இல்லை. ஆகவே நிறம் மாறாவிட்டால் அது எல்எஸ்டி அல்ல என்று நம்பிச் சொல்லலாம். மாறினால்? ஏதோ ஓர் இண்டோல் இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். எவ்வளவு, கூடவே வேறென்ன என்று அந்தச் சொட்டு சொல்லாது. மருத்துவமனையில் சாதாரணமாகச் செய்யும் சிறுநீர்ப் போதைப் பரிசோதனை பெரும்பாலும் இதைக் கண்டுபிடிக்காது. ஆம்ஃபெட்டமின் கட்டமும் எல்எஸ்டி கட்டமும் ‘இல்லை’ என்றே காட்டக்கூடும். மரணம் நிகழ்ந்த ஒரு வழக்கில் ரத்தத்தில் அளந்தது, ஒரு மில்லிலிட்டருக்கு அரை நானோகிராமுக்கும் குறைவு. அந்த அளவைப் பிடிக்க, கலவையைப் பிரித்து மூலக்கூறுகளை எடையால் அடையாளம் காணும் எல்சி-எம்எஸ்/எம்எஸ் கருவியும், இதைத்தான் தேடுகிறோம் என்ற முன்யோசனையும் வேண்டும். பரிசோதனை ‘நெகட்டிவ்’ என்று வந்ததால் ‘மனநோய்’ என்று எழுதிவிடுவதுதான் இதில் நடக்கும் மோசமான தவறு.

சிகிச்சையில் மாற்று மருந்து எதுவும் கிடையாது. கிளர்ச்சியையும் சூட்டையும் அடக்குவதே சிகிச்சை. முதல் மருந்து லோரசெபாம், டயசெபாம், மிடசோலாம் போன்ற பென்சோடயசெபின் வகை அமைதிப்படுத்தும் மருந்துகள், ரத்தநாளம் வழியாக, அடங்கும்வரை திரும்பத் திரும்ப. ஒருமுறை கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் பல இடங்களில் நேரும் பிழை. பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. இது மூளையின் வெப்பநிலைக் குறியீடு உயர்ந்ததால் வரும் காய்ச்சல் அல்ல, தசைகள் ஓயாமல் இயங்குவதால் பிறக்கும் வெப்பம். உடலை நனைத்து விசிறி வீச வேண்டும், ஐஸ் வைக்க வேண்டும். 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மயக்கி, தசைகளைத் தளர்த்தி, செயற்கைச் சுவாசத்தில் போட வேண்டியிருக்கும். தசை சிதைந்திருக்கும்போது பொட்டாசியம் ஏறியிருக்கலாம் என்பதால், அதை மேலும் ஏற்றும் தசைத்தளர்த்தியான சக்சினைல்கோலினைத் தவிர்ப்பார்கள். மனநோய்க் கிளர்ச்சிக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடாலை முதல் மருந்தாக எடுக்கக் கூடாது, அது வலிப்புக்கு வழி திறக்கும், உடல் வெப்பம் வெளியேறுவதையும் கெடுக்கும். தசைச் சிதைவைக் காட்டும் கிரியாட்டின் கைனேஸ், பொட்டாசியம், சிறுநீர் அளவு, இசிஜி ஆகியவற்றைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். வெப்பத்தை அக்குளில் அல்ல, மலக்குடலில் அளக்க வேண்டும். மேல்தோல் சில்லென்று இருக்கும்போதே உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும்.

வீட்டிலோ விடுதி அறையிலோ இது நடந்தால், கையைக் காலைக் கட்டி அமுக்கிப் பிடிக்காதீர்கள். அமுக்க அமுக்க அவர் திமிறுவார், திமிறத் திமிறச் சூடு ஏறும். அறையைக் குளிர்ச்சியாக, வெளிச்சம் குறைவாக வையுங்கள், கூர்மையான பொருள்களை அப்புறப்படுத்துங்கள், வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். தூங்கினால் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள், இலங்கையென்றால் 1990. ஆம்புலன்ஸில் வருபவரிடம் ‘எல்எஸ்டி எடுத்தான்’ என்று முடித்துவிடாமல், ‘எல்எஸ்டி என்று கொடுத்த தாள், கசந்தது என்று சொன்னான், இத்தனை மணிக்கு, இத்தனை கட்டம்’ என்று சொல்லுங்கள். மீதித் தாள் இருந்தால் வெறுங்கையால் தொடாமல் ஒரு கவரில் போட்டு மருத்துவரிடம் கொடுங்கள்.